பின்பக்கம் உயர்ந்த நாற்காலிகள்

இடது கை கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. வலது கை சுத்தியலை ஓங்கவில்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. முதல் தட்டில் ஆணி பாதி இறங்கியது, மறு தட்டில் மரத்தோடு மரமாக மறைந்தது. அடுத்த ஆணி உதடுகளுக்கு நடுவிலிருந்து வந்தது. விரல்கள் அதைத் தேடவே இல்லை. கட்டை இருக்கையின் அகலத்துக்கு அறுத்தது. ஒரு விளிம்பு கட்டைவிரல் கனம், மறு விளிம்பு இழைத்து இழைத்துத் தகடாகி முடிந்துவிடும். கனமான விளிம்பு முதுகு சாயும் பக்கம் வரும்படி அடித்தாயிற்று. இனி அதன்மேல் ஃபோம், ஃபோமின்மேல் ரெக்சின். மூடிவிட்டால் உள்ளே கட்டை இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

"உன் வாயில ஆணி இருக்கிறப்பதான் இந்த வீட்ல நான் நாலு வார்த்தை பேச முடியுது," என்றான் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன். "அதனால இப்பவே கேட்டுடறேன். பின்னாடி தூக்கி முன்னாடி தாழ்த்தி வச்சிருக்கியே, உக்காந்தவன் வழுக்கிட்டு வர மாட்டானா?"

அவள் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டாள்.

"வழுக்கணும்னுதான் வைக்கிறேன்."

"அது என்ன கொள்கை?"

"லைப்ரரி வெளி வராந்தாவுக்கு. கார்டு போட வர்றவங்க காத்திருக்கிற இடம். அங்க சில பேரு வந்து காலை நீட்டிப் படுத்துடறாங்களாம். லைப்ரரியன் அக்காதான் கேட்டாங்க, உன் விரட்டு சீட் போட்டுக் குடேன்னு."

"உங்க அக்காவா கேட்டாங்க? புத்தகம்தான் கேப்பாங்கன்னு நினைச்சேன்," என்று அவன் மறுபடி வேனைத் துடைக்கப் போய்விட்டான்.

தெருவில் அவளைக் குஷன்காரம்மா என்பார்கள். சோபா, நாற்காலி, வேன் சீட், மருத்துவமனைக் கட்டிலின் மெத்தை எல்லாவற்றுக்கும் உறை போடுவாள். யாரிடமும் உட்கார்ந்து கற்றதில்லை. பழையதைப் பிரித்துப் பார்த்து, பிரித்த வரிசைக்கு நேர்மாறாகத் திரும்பச் சேர்த்து, சேர்த்தது சரியில்லையென்றால் மறுபடி பிரித்துக் கற்றது. அப்படிப் பிரித்ததில்தான் ஒருமுறை ஒரு பெரிய அலுவலகத்தின் வரவேற்பறை நாற்காலிக்குள் அந்தக் கட்டையைக் கண்டாள். முதலில் யாரோ தலைகீழாக அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். நல்ல நாற்காலியில் முன்பக்கம் ஒரு விரல் உயர்ந்திருக்கும்; உட்கார்ந்தவரின் உடம்பு தானாகப் பின்னால் போய் முதுகுச் சட்டத்தில் சாய்ந்துகொள்ளும். இதில் எல்லாம் எதிராக இருந்தது. மேலே ஃபோம் புசுபுசுவென்று இருக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும், உட்கார்ந்த உடனே ஒன்றும் தெரியாது. போகப் போக உடம்பு முன்னால் நழுவும். நழுவாமல் இருக்க, தொடையும் இடுப்பும் தமக்குத் தெரியாமலே வேலை செய்யும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒரு வலி வரும். வந்தவர் கடிகாரத்தைப் பார்ப்பார், எழுந்துகொள்வார், அப்புறம் வருகிறேன் என்பார். அலுவலகத்துக்காரர்களுக்கு அதுதான் வேண்டும்.

இதை அவள் நூலகரிடம் சிரிப்புக்குத்தான் சொன்னாள். மதியச் சாப்பாட்டு வேளையில், வாசகர்கள் குறைந்திருந்த நேரத்தில். நூலகரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அடப்பாவிங்களா! வாங்க உக்காருங்கன்னு சொல்லிட்டு, எந்திரிச்சுப் போன்னும் சொல்ற நாற்காலியா?" என்றார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. படித்தவர் ஒருவரைத் தன் தொழில் கதையால் சிரிக்க வைத்துவிட்ட சந்தோஷம்.

நூலகத்துக்கு அவள் முதலில் போனதே வேலைக்காகத்தான். வாசிப்புக் கூடத்தில் ஒரு நாற்காலிக்குக் கிழிசல் தைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தைத்து முடித்து, சரியாக இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தாள். மேசையில் யாரோ விரித்துப் போட்டுப் போன புத்தகம் ஒன்று கிடந்தது. சும்மா கண்ணை ஓட்டினாள். கடலில் வழிதவறிய ஒரு கப்பலின் கதை. கப்பல் கரை சேர்ந்ததா என்று தெரியாமல் எழுந்து போக முடியவில்லை. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தால், நூலகர் நின்றிருந்தார். அவள் பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. இங்க யாரும் யாரையும் எழுப்ப மாட்டாங்க."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் மறுநாளும் போனாள். பிறகு வழக்கமாகிவிட்டது. ஃபோமுக்குப் பசை தடவிக் கல் ஏற்றி வைத்தால், காயும்வரை கைக்கு வேலை இல்லை. அந்த நேரத்துக்கு நூலகம். போகும்போது விரல்களில் பசை உரிந்துகொண்டிருக்கும். புத்தகத்தில் ஒட்டிவிடக் கூடாதென்று வாசல் குழாயில் மண்ணைத் தேய்த்துக் கழுவுவாள். நூலகர் அவளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தார். கப்பல் கதை முடிந்ததும் இன்னொரு கப்பல் கதை தேடிக் கொடுத்தார், அப்புறம் பாலைவனம், அப்புறம் ஒரு பெண் மருத்துவரின் வாழ்க்கை. "இது உனக்குப் பிடிக்கும், எடுத்து வச்சேன்" என்பார். அவளுக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. கூச்சமில்லாமல் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

உட்காரும் இடங்களைப் பற்றி அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. அவள் தொழிலே அதுதானே. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் டீ சொல்லியாக வேண்டும். பஸ் நிலையத்தில் எங்கேயாவது போகிறவராக இருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், என்ன திடீரென்று, என்ற கேள்வி செருப்பைக் கழற்றுமுன் வந்து நிற்கும். நூலகத்தில் மட்டும்தான் ஒரு மனுஷி எதுவும் வாங்காமல், எதற்கும் காத்திராமல், யாருக்கும் காரணம் சொல்லாமல் உட்காரலாம். புத்தகம் அப்புறம். முதலில் நாற்காலி.

அண்ணனை அங்கே கூட்டிப்போனதும் அவள்தான்.

அண்ணன் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டியவர். கம்பெனியை மூடியபோது அவர் வயதுக்கு வேறெங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் முன்னால் பட்டறை, பின்னால் ஓர் அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு மறைப்பு. ராத்திரி பட்டறையில் ஃபோம் கட்டுகளை ஓரம் தள்ளி அவர் படுத்துக்கொள்வார். நம்ம ஊரிலேயே மெத்தைமேல் மெத்தை போட்டுத் தூங்குகிறவன் நான்தான் என்பார். ஆனால் பகலில் அவருக்கு இடமில்லை. எங்கே நின்றாலும் அளவெடுக்க வேண்டிய துணியின்மேல் நின்றார். "நகருண்ணே, நகருண்ணே" என்று அவள் நாள் முழுக்கச் சொன்னாள். ஒருநாள் மாலை அவர் வாசலில், வேனின் நிழலில், சும்மா நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். நிழல் நகர நகர அவரும் நகர்ந்துகொண்டிருந்தார். மறுநாளே நூலகத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அவர் கதைப் புத்தகம் தொடவில்லை. நேராகக் கலைக்களஞ்சியத்துக்குப் போனார். இரும்பை முதல் முனையிலிருந்து கடைசி முனைவரை ஒரே சீராகக் கடைந்தவர். புத்தகத்தையும் அப்படியே படித்தார். அகரத்தில் ஆரம்பித்து, ஒரு பக்கம் விடாமல். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய பாடம் நடக்கும்.

"இன்னைக்கு என்ன எழுத்து மச்சான்?" என்பான் அவள் கணவன்.

"'க'தான் மாப்ள."

"இன்னுமா? பத்தாப்பு பெயில் ஆன மாதிரி அங்கயே இருக்கீங்க!"

"நீங்க ஒண்ணு. உலகத்துல முக்கால்வாசி 'க'வுலதான் இருக்கு. கடல், கண், கப்பல், கரையான், கல்லீரல். கரையான் புத்துக்குள்ள காத்து எப்படிப் போகுது தெரியுமா? நம்ம வீட்டைவிடப் பரவால்ல."

கலைக்களஞ்சியத்தை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அது அண்ணனுக்குப் பிடித்திருந்தது. காலையில் சட்டை மாற்றி, தலை சீவி, "வரட்டுமா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். வேலைக்குப் போகிறவர் போல. சாயங்காலம் வேலை முடித்து வருகிறவர் போல வருவார். நூலகர் அவரைப் பார்த்ததும் "வாங்க சார்" என்பாராம். அதை அவர் தங்கையிடம் தனியாக ஒருமுறை சொன்னார். லேத் பட்டறையில் அவரை யாரும் சார் என்றதில்லை.

விரட்டு சீட்டுகளை அவள் வராந்தாவுக்கு என்றுதான் செய்தாள். கார்டு போட வருகிறவர் கொஞ்ச நேரத்தில் போய்விடுவார். அவருக்கு அதனால் கெடுதல் இல்லை. வேறேதோ அலுவலகத்தில் கழித்த நாற்காலிச் சட்டங்களை நூலகர் வாங்கி அனுப்பியிருந்தார். எண்ணிக்கை வராந்தாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது; கூட்டம் வரும் நாளுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காப்பிக்கொட்டை நிற ரெக்சின். ஓரத்தில் தையல் நூலை மறைக்கும் பைப்பிங் உருட்டு. செய்வது விரட்டும் சீட்டாக இருந்தாலும் தையல் தையல்தான் என்று ஒவ்வொன்றையும் அவள் ஒழுங்காக முடித்தாள். கணவன் வேனில் ஏற்றிப்போய் நூலக வராந்தாவில் இறக்கிவிட்டு வந்தான்.

அன்று மாலை அண்ணன் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"ஏ, உன் நாற்காலி வந்திருச்சு! எல்லாரும் கேட்டாங்க, யாரு போட்டதுன்னு. என் தங்கச்சிதான்னு சொல்லிட்டேன்."

"நல்லா இருக்காண்ணே?"

"பார்த்தாலே உக்காரணும் போல இருக்கு."

அவர் எங்கே பார்த்தார் என்று அவள் கேட்கவில்லை. வராந்தாவைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளே ஒரு திரையரங்கிலிருந்து கிழிந்த சீட்டுகள் வந்து பட்டறையை அடைத்தன. மதிய நேர நூலகம் நின்றுபோனது.

அண்ணன் மதியமே வீடு திரும்ப ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான்.

"என்னண்ணே, அதுக்குள்ள?"

"இடுப்பு." அவர் கையை முதுகில் வைத்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் உக்காந்தாலே பிடிச்சுக்குது. லேத்துக்கு முன்னாடி நின்ன இடுப்பு, இப்பதான் கணக்குக் கேக்குது போல."

அவள் தைலம் தேய்த்துவிட்டாள். கணவன் வெந்நீர்ப் பை வாங்கி வந்தான். "என்ன மச்சான், காந்தம்வரைக்கும் வந்துட்டு வண்டி நின்னுடுச்சே. 'ச' எல்லாம் எங்க காலத்துல பாக்க முடியுமா?" என்றான். அண்ணன் சிரித்தார். ஆனால் அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சீக்கிரம் வந்தார். பிறகு போகவே இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். தலை சீவுவதை நிறுத்திவிட்டார். திரையரங்கு சீட்டுகளின் நடுவே, மடித்துவைத்த ஃபோம்மேல் உட்கார்ந்தார்; அவள் அந்த ஃபோமை எடுக்க வேண்டியிருந்தது. "நகருண்ணே" என்றாள். வேலை நெருக்கியது, ஒருநாள் குரல் உயர்ந்துவிட்டது. "எங்கயாவது போய் உக்காரேன்! வீட்ல உக்காரவே இடமில்லைன்னு தெரியுதில்ல?"

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். வேன் வெளியே போயிருந்தது. நிழல்கூட இல்லை. அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்று மதியம் அவள் நூலகத்துக்குப் போனாள். திருப்பித் தரவேண்டிய புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது. அதோடு, அண்ணனுக்குக் கொஞ்சம் உயரமான நாற்காலி ஏதாவது போட்டுத் தர முடியுமா என்று அக்காவிடம் கேட்கலாம் என்றும் நினைத்திருந்தாள்.

வராந்தாவில் பழைய மர பெஞ்சுதான் கிடந்தது.

உள்ளே, வாசிப்புக் கூடம் முழுக்க, காப்பிக்கொட்டை நிறம். ஒவ்வொரு மேசைக்கும் அவள் தைத்த நாற்காலிகள். பழைய நாற்காலிகளில் ஒன்றுகூட இல்லை.

இடம் மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. சாமான் இறக்கியவர்கள் தெரியாமல் செய்திருப்பார்கள். சொன்னால் எடுத்து மாற்றிவிடுவார் அக்கா. அவள் ஜன்னலோரம், தான் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த புத்தகத்தையே விரித்தாள். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கழித்துக் காலை மாற்றிப் போட்டாள். மறுபடி மாற்றினாள். தொடையின் அடியில் முன்விளிம்பு அழுத்தியது. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று மறந்துபோனது. அவளுக்கு எல்லாம் தெரியும், கட்டையின் கனம்வரை தெரியும். தெரிந்தும் உடம்பு எழுந்துகொள் என்றது. எதிரே ஒரு பெரியவர் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, செய்தித்தாளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போனார். போகும்போது தனக்குத்தானே, "வயசாச்சு" என்று சொல்லிக்கொண்டார்.

அவள் எழுந்து நேராக நூலகரின் மேசைக்குப் போனாள்.

"வாம்மா! எங்க ஆளையே காணோம்?" அதே முகம், அதே சிரிப்பு. "உனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், இரு."

"அக்கா, நாற்காலியெல்லாம் உள்ள போட்டிருக்காங்க."

"ஆமாம்மா."

"வராந்தாவுக்குன்னுதான சொன்னீங்க? மாத்திப் போட்டுட்டாங்க போல. நான் வேணா எங்க வீட்டுக்காரரை வரச்சொல்லி—"

நூலகர் சிரிப்பை மெதுவாக ஒதுக்கி வைத்தார். "உக்காரு," என்றார். அவள் உட்காரவில்லை.

"மேலிடத்துல கேக்கறாங்கம்மா. எத்தனை பேரு வந்தாங்க, எத்தனை பேரு வந்தாங்கன்னு. காலைல வர்ற ஆளு சாயங்காலம்வரைக்கும் ஒரே நாற்காலில உக்காந்திருந்தா நான் எதைக் காட்டறது? புதுசா வர்றவங்களுக்கு இடமில்ல. பாதிப் பேரு படிக்கிறதுகூட இல்ல, சும்மா உக்காந்திருக்காங்க. எத்தனை நாளைக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கறது?"

"அப்போ, முதல்லயே உள்ளுக்குன்னுதான் கேட்டீங்களா?"

நூலகர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"உள்ளுக்குன்னு சொல்லியிருந்தா நீ செய்வியா?" என்றார் கடைசியில்.

"மாட்டேன்."

"அதான்."

"அதான்னா?"

"கோவப்படாத. நான் யாரையும் எழுந்து போங்கன்னு சொல்லலையே. ஒரு வார்த்தை கடுமையா பேசல. அவங்களா வர்றாங்க, அவங்களா போறாங்க. யாருக்கும் மனசு நோகல. நீ அன்னைக்குச் சொன்னப்பவே நினைச்சேன், இதைவிட மரியாதையான வழி கிடையாதுன்னு."

"எங்க அண்ணனும் எழுந்து போயிட்டாரு அக்கா."

"சாரை நினைச்சு செய்யலம்மா."

"வேற யாரை நினைச்சு செஞ்சீங்க? காலைல வந்து சாயங்காலம்வரைக்கும் உக்காந்திருக்கிற ஆளுன்னு இப்ப சொன்னீங்களே, இந்தக் கூடத்துல அது யாரு?"

நூலகர் கூடத்தைப் பார்த்தார். இருந்தவர்களில் ஒருவர் அலமாரியில் சாய்ந்து நின்றே படித்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலிங்களைக் குடுங்க," என்றாள் அவள். "கட்டையைப் பிடுங்கிட்டுத் திரும்பத் தர்றேன். கூலி ஒண்ணும் வேணாம்."

"லைப்ரரி கமிட்டி வந்து பார்த்துட்டாங்கம்மா. ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மத்த நூலகத்துக்கும் இதே மாதிரி வேணுமாம்." நூலகர் குரலைத் தணித்துக்கொண்டார், நல்ல செய்தி சொல்கிறவர் போல. "உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

அவள் திருப்பித் தரவேண்டிய புத்தகத்தை மேசையில் வைத்தாள். அவளுக்கென்று எடுத்து வைத்திருந்ததை வாங்கிக்கொள்ளாமல் வெளியே வந்தாள்.

அண்ணனிடம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். இடுப்பு என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். ஆனால் வீட்டில் அவர் தைல பாட்டிலைத் திறந்து, கை எட்டாத இடத்தில் எட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவன், "குடுங்க மச்சான், நான் தேய்க்கிறேன். கார் பாலிஷ் போட்ட கை," என்று பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"உன் இடுப்புக்கு ஒண்ணுமில்லண்ணே," என்றாள்.

சொல்லி முடித்தாள். கட்டை, சரிவு, வராந்தா, கமிட்டி எல்லாவற்றையும். கணவன் கையில் பாட்டிலோடு அப்படியே நின்றான்.

"அந்த நாற்காலி நீ போட்டதுதான?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே."

"எல்லார்கிட்டயும் சொன்னேனே, என் தங்கச்சி போட்டதுன்னு."

"எனக்குத் தெரியாதுண்ணே. வராந்தாவுக்குன்னுதான்—"

"வராந்தாவுல உக்கார்றவனுக்கு மட்டும் இடுப்பு இல்லையா?"

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தினமும் வாங்க சார்னுதான் சொல்லுவாங்க. கடைசியா போனப்பகூட, இடுப்பு வலின்னு சொன்னேன். டாக்டரைப் பாருங்க சார்னு சொன்னாங்க." தைலம் பட்ட கையைத் துடைத்துக்கொண்டார். "இடுப்பாவே இருந்திருக்கலாம்."

"இல்லண்ணே. நீ நாளைக்குப் போ."

"வேணாம்னு நினைக்கிறவங்க வீட்டுக்கு எப்படிப் போறது?"

"அது அவங்க வீடு இல்லண்ணே! அதுனாலதான் உன்னை அங்க கூட்டிட்டுப் போனேன். அது யார் வீடும் இல்ல."

"நான் அதைச் சொன்னா சரி," என்றார் அண்ணன். "கட்டையை அடிச்ச கை சொல்லுது."

அவர் வாசலுக்குப் போய்விட்டார். கணவன் பாட்டிலை மூடினான். அன்று வீட்டில் யாரும் எழுத்து எதுவென்று கேட்கவில்லை.

மறுநாள் திரையரங்கு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் கட்டையின் அளவை ஞாபகத்திலிருந்து எடுத்தாள். அதற்கு நேர் எதிராக ஒரு திண்டு: முன்பக்கம் கனம், பின்பக்கம் போகப் போகக் கரைந்து முடிவது. அந்த நாற்காலியின்மேல் இதை வைத்தால் இரண்டு சரிவும் ஒன்றையொன்று தின்றுவிட வேண்டும்; தின்றது போக முன்னால் ஒரு விரல் மிஞ்ச வேண்டும். மிருதுவான ஃபோம் உதவாது, உட்கார்ந்ததும் நசுங்கிச் சரிவு மறுபடி தலைகாட்டும். கெட்டியானதில் சீவினாள். கத்தியை ஒரே இழுப்பில் இழுத்தால்தான் பரப்பு சமமாக வரும். இரண்டு தரம் தப்பியது, எறிந்துவிட்டு மூன்றாவதைச் சீவினாள். மிச்சமிருந்த அதே காப்பிக்கொட்டை ரெக்சினை எடுத்தாள். வைத்தால் நாற்காலியோடு சேர்ந்தே பிறந்தது போல இருக்க வேண்டும். அடியில் வழுக்காத துணி. ஓரத்துக்குப் பைப்பிங்.

பட்டறையில் இருந்த ஒரு நாற்காலிச் சட்டத்தில் அதேபோலக் கட்டை அடித்து, மேலே திண்டை வைத்து, அவளே உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பசை காயும் நேரம் முழுக்க எழவில்லை. கால் மாற்றிப் போடவில்லை.

"அண்ணே, வந்து உக்காந்து பாரு."

அவர் தள்ளி நின்றே பார்த்தார். "இதைக் கக்கத்துல இடுக்கிட்டு தினமும் லைப்ரரிக்குப் போகணுமா? பாக்கிறவன் மூல வியாதியான்னு கேப்பான்."

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டான்.

"நீ தூக்க வேணாம்," என்றாள் அவள். "சட்டை மாத்திட்டு வா."

"நான் வரல."

"உள்ள வர வேணாம். வாசப்படிவரைக்கும் வா."

அவர் வெகுநேரம் கழித்துத் தலை சீவிக்கொண்டு வந்தார். அவர் தெருவின் ஒரு ஓரமும் அவள் மறு ஓரமுமாகவே நடந்தார்கள். நூலகத்தின் வாசற்படியில் அவர் நின்றுவிட்டார். திரும்பிப் போகவும் இல்லை. அவள் மட்டும் உள்ளே போனாள்.

நூலகர் நிமிர்ந்தார். "வந்தியா," என்று ஆரம்பித்தவர், அவள் கையிலிருந்ததைப் பார்த்து நிறுத்தினார்.

"மேடம்," என்றாள் அவள்.

அந்த மேசையின் முன்னால் அவள் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. நூலகரின் கண்கள் ஒருதரம் இமைத்தன.

"இது எங்க அண்ணனுக்குத் தைச்சது. உங்க நாற்காலில போட்டா சரியா இருக்கும். இங்க உங்ககிட்டயே இருக்கட்டும். காலைல அவர் வரும்போது நீங்க எடுத்துக் குடுங்க. சாயங்காலம் போகும்போது வாங்கி வைங்க."

"நானா?"

"நீங்கதான். வாங்க சார்னு சொல்றீங்கல்ல. சொல்லிட்டு இதைக் குடுங்க."

கூடத்தில் ஒன்றிரண்டு தலைகள் திரும்பின. நூலகர் எழுந்து நின்றார். குரலை இறக்கினார்.

"எல்லார் முன்னாடியும் இப்படி ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா, மத்தவங்களும் கேப்பாங்களேம்மா. என்னன்னு சொல்றது?"

"நாற்காலிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. கேட்டவங்களுக்கெல்லாம் தைச்சுத் தர்றேன்."

"கமிட்டிக்குத் தெரிஞ்சா?"

அவள் திண்டை மேசைமேல் வைக்கவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்தியபடி, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியும்படி திருப்பி, நீட்டிக்கொண்டே நின்றாள். வாசற்படியில் அண்ணனின் நிழல் விழுந்திருந்தது. நூலகர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், இவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். அப்புறம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.